கதவுக்கு முன்னால் ஒரு பத்தி

என் முதல் கதைப் புத்தகத்தைக் கணினியில் கோத்தவர், காதர்பேட்டையில் பனியன் பெட்டிக்கு லேபிள் வடிவமைக்கும் டிடிபி கடைப் பெண். காதில் பென்சில், முகத்தில் எப்போதும் சிரிப்பு.

வரிகளை இருபுறமும் சமமாக நிறுத்தியதில் வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்திருந்தது.

"இதுக்குள்ள பல்லடம் பஸ்ஸே போகுமுங்க" என்று இடப்பக்கம் மட்டும் ஒட்டவைத்தார். உடனே பத்தித் தொடக்கத்தில் விட்டிருந்த இடமும் மறைந்து, கதை ஒரே சுவராக நின்றது. மறுநாள் அச்சு. "எல்லாம் போச்சுங்களா?" என்றேன்.

"பயப்படாதீங்க, அது தனி செட்டிங்குங்க." நொடியில் பத்திகளின் முதல் வரிகள் உள்ளே தள்ளி நின்றன. ஆனால் ஓரிடத்தில் நான் பிரிக்காத பத்தி பிரிந்திருந்தது.

"இது தப்பாச்சுங்களே?"

"இல்லீங்க, நாந்தான் பிரிச்சேன். கதவைத் தெறக்கறதுக்கு முன்னால உங்க கதைல வர்ற பொண்ணு கொஞ்சம் மூச்சு உடட்டுமுங்க."

அப்படியே விட்டேன். படித்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத்தான் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைக் கூச்சமில்லாமல் நானே வாங்கிக்கொண்டேன்.