கம்பிவேலிக்கு மேலே கைமாறிய தாலி

1. ஸ்டட் செக்கிங்

ஆட்டத்துக்கு முன் நடுவர் எங்களை வரிசையாக நிறுத்துவார். பூட்ஸ் அடியில் இருக்கும் ஸ்டட்களைத் தடவிப் பார்ப்பார், நகம் பார்ப்பார், நகை பார்ப்பார். கல்யாணத்துக்குப் பிறகு ஜொகூர் பாருவில் நான் ஆடிய முதல் சர்வதேச ரக்பி ஆட்டத்தில் அவர் என் கழுத்தருகே வந்து நின்றுவிட்டார். பிளாஸ்டர் ஒட்டி மறைத்த தாலியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கழற்று. இல்லையென்றால் ஆட்டம் கிடையாது" என்றார் ஆங்கிலத்தில்.

எனக்கு விதி தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மாமியார் கேலரியில் உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பேச்சிலேயே அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "ரக்பி ஆடட்டும். ஆனா தாலி கழுத்தை விட்டு இறங்குச்சுன்னா, அதோட ஆட்டத்தை நிப்பாட்டிக்கணும்." நான் வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளை குமார் முந்திக்கொண்டார். "அதுக்கென்னம்மா, ஜெர்சிக்கு உள்ளதானே இருக்கும்!" தம்போயில் கார் பட்டறை வைத்திருப்பவர். அதுவரை ஒரு ரக்பி ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

"அலமாக், தேவி! சீக்கிரம் லா!" என்று மேனேஜர் அக்கா பதறிப்போய் விரட்டினார். வேலியோரம் ஓடி, குமாரைச் சைகை காட்டி அழைத்து, கழற்றிய தாலியைக் கம்பிவேலிக்கு மேலே நீட்டினேன்.

"வாக்குக் குடுத்தது நீங்க. நீங்களே போட்டுக்குங்க."

"நானா? அம்மா பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க!"

"மேல் பொத்தான் வரைக்கும் போடுங்க. பாக்கெட்டுல வச்சா தொலைச்சிருவீங்க. தினம் ஸ்பேனரைத் தேடுற ஆளு."

அந்த வெயிலில், நேர்காணலுக்கு வந்தவர்போலக் கழுத்துவரை பொத்தானைப் போட்டுக்கொண்டு, அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார் மனிதர்.

2. கடைசி ஸ்க்ரம்

நான் ப்ராப். ஸ்க்ரம்மில் முன்வரிசையில் நின்று, எதிரணியைத் தோளால் முட்டித் தள்ளுவது என் வேலை. எனக்கு எதிரே நின்றவள் சரியான கில்லாடி. அவள் பிடித்து இழுத்ததில் என் காலர் தோள்வரை கிழிந்து தொங்கியது.

கடைசி நிமிடங்களில் அவர்களுடைய கோட்டருகே ஒரு ஸ்க்ரம். மூச்சைப் பிடித்துத் தள்ளினோம். எங்கள் பெண் பந்தைக் கோட்டுக்குள் வைத்தாள். ட்ரை! வெற்றிப் புள்ளிகள் எங்களுக்கு. குமார் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். பொத்தான்கள் தெறித்தன. தாலி வெளியே வந்து அவர் நெஞ்சில் பளபளத்தது.

வாயெல்லாம் புல்லோடு குவியலின் அடியில் கிடந்த நான் அதைப் பார்த்தேன். அத்தையும் பார்த்தார். ஜெயித்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. இனி எங்கே ரக்பி? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

3. அத்தை இறங்கி வந்தார்

ஆட்டம் முடிந்ததும் மகனைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். கிழிந்த காலருக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இதைப் புடிச்சு இழுத்தாளே ஒருத்தி, அப்ப தாலி உள்ள இருந்திருந்தா?"

"அறுந்திருக்கும் அத்தை."

"ஐயோ முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தாலியைக் கழற்றுவது தப்பு என்றால், தாலி அறுவது எங்கள் வீடுகளில் நினைக்கவே கூடாத விஷயம். அடுத்த நொடி மகன் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, ஜெர்சிக்கு உள்ள இருக்கும்னியே, ஜெர்சியே ஒழுங்கா இல்லையேடா! போடு புள்ள கழுத்துல. இங்கேயே!"

சேறு படிந்த என் கழுத்தில் குமார் தாலியைப் போட்டார். எதிரணிப் பெண்கள் ஏதோ கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு சுற்றி நின்று கைதட்டினார்கள். காலரைக் கிழித்தவளே புல்லைப் பிய்த்து எங்கள் தலையில் தூவினாள். நடுவர் வந்து வாழ்த்துச் சொன்னார்.

அன்றே அத்தை புதுச் சட்டம் போட்டார். ஆட்டத்தின்போது தாலி அவரிடம் இருக்கும். முடிந்ததும் மகன்தான் போட்டுவிட வேண்டும். வெளிநாட்டு ஆட்டம் என்றால், திரும்பி வந்ததும் செனாய் விமான நிலைய வாசலிலேயே முகூர்த்தம்.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: நடுவரிடம் வாதாடாதீர்கள். வீட்டில் யாருக்குப் பயப்படுகிறீர்களோ அவரை ஆட்டம் பார்க்கக் கூட்டி வாருங்கள். மணிக்கணக்கில் பேசிப் புரியாதது ஒரு ஸ்க்ரம்மில் புரிந்துவிடும்.

கல்யாணத்துக்குப் பிறகு நாட்டுக்காக எத்தனை ஆட்டம் ஆடினேன் என்று யாராவது கேட்டால், கணவரைக் கைகாட்டிவிடுவேன். அத்தனை முறை எனக்குத் தாலி கட்டியவர் அவர்தான்.