நிதானம் அக்காவும் ரிவர்ஸ் என்ற குதிரையும்

பஸ் டிப்போவில் அவருக்கு நிதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர். ஆற்றுப்பாலம் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸை வருடக்கணக்காக ஓட்டிவந்தார். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருபவர் கையிலிருக்கும் காபி சிந்தாது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவார்கள். அக்கா கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, “அவ்வளவு அவசரம்னா நேத்தே கிளம்பியிருக்கணும்” என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் போவார்.

அந்தப் பாலத்தில் விரிசல் விழுந்தது. பழுது பார்த்து முடிக்கும்வரை அந்த வழியில் பஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்குக் காலை ட்யூட்டி மட்டும்; அதிலும் யாராவது லீவு போட்டால்தான் ஓட்ட வண்டி கிடைக்கும். இல்லாவிட்டால் ஓய்வறை பெஞ்சைத் தேய்த்துவிட்டு மத்தியானமே வீடு திரும்ப வேண்டியதுதான். சும்மா இருந்து பழகாதவர். வீட்டு அலமாரியை ஒழித்து அடுக்கினார். மறுபடியும் ஒழித்தார். மூன்றாவது தடவை கதவைத் திறந்தபோது கணவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அம்மா தாயே, என் சட்டை எங்க இருக்குன்னு எனக்கே தெரியல. விட்டுடு.”

கணவருக்கு வேலை வீடு இருந்த அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது. சாப்பாட்டுக்கு மேலே வருவார். வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பொருள் இடம் மாறியிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை வந்தார். வேலை மாற்றலில் மகளும் அவரும் வேறு ஊருக்குக் குடிபோகிறார்கள். புது வீடு தயாராகும்வரை சில பெட்டிகளை இங்கே வைத்துவிட்டுப் போக வேண்டும். மற்றப் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிய மாப்பிள்ளைக்கு வீடியோ கேம் பெட்டியை மட்டும் இருட்டில் போட மனம் வரவில்லை. டிவியில் இணைத்துக் காட்டினார்.

“அத்தை, இது இப்பதான் வந்திருக்கு. ராணி, மந்திரவாதி, டிராகன் எல்லாம் உண்டு. ஒரு ராஜ்ஜியமே உள்ள இருக்கு. நீங்க எங்க வேணும்னாலும் போகலாம்.”

“எங்க வேணும்னாலும்னா? ரூட்டு கிடையாதா?”

“கிடையாது.”

“பெர்மிட்டு?”

“அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம் அத்தை. உங்க இஷ்டம்தான்.”

அக்காவுக்கு இது நம்பும்படியாக இல்லை. மாப்பிள்ளை ஊருக்குப் போன மறுநாள், பார்க்கலாமே என்று உட்கார்ந்தார்.

ஆட்டம் தீப்பிடித்து எரிந்த ஒரு மாவு மில்லில் தொடங்கியது. காவல்வீரன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். டிராகன் விழித்துக்கொண்டது, தலைநகருக்கு ஓடு, ராணியிடம் சொல், நொடி தாமதித்தாலும் நாடு சாம்பலாகும் என்று அலறினான். அக்கா அவன் சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மெல்ல வெளியே வந்து, சாலை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். சாலை கிடைத்ததும் அதன் ஓரமாக நடக்க ஆரம்பித்தார். நாற்சந்தி வந்தது. நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

“இங்க யாரு வரப்போறா?” என்றார் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர்.

“அதோ மாட்டு வண்டி வருதே, கண்ணு தெரியலையா? கண்ணாடிக் கடையில வேலை வேற.”

வண்டி கடந்து போகட்டும் என்று அக்கா ஒதுங்கி நின்றபோது புதரிலிருந்து ஓர் ஓநாய் பாய்ந்தது.

“ஓடு! காட்டுக்குள்ள ஓடு!” கணவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“ரோட்டை விட்டு இறங்கினா மறுபடி ஏற வழி இருக்கான்னு தெரியலையே…” என்று அக்கா யோசித்து முடிப்பதற்குள் ஓநாய் தன் காரியத்தை முடித்துவிட்டது. திரை இருண்டு, மறுபடியும் அதே மில் வந்தது. அதே காவல்வீரன் அதே மூச்சிரைப்போடு ஓடிவந்தான்.

“இவன் இன்னும் இங்கயேதான் இருக்கானா?” என்றார் அக்கா. “பாவம், மாத்து ஆள் வரல போல.”

தலைநகர் பக்கம் அவர் போகவே இல்லை. புல் காற்றுக்குச் சாய்வதைப் பார்த்தார். குளத்தில் மழை விழுவதைப் பார்த்தார். சாலையில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரிடமும் நின்று பேசினார். கணவருக்கு வேறொன்று பிடித்திருந்தது. “தூரத்து மலையைப் பாரு. தூரத்துல இருக்கறது தூரமாவே தெரியுது. பவர் சரியா போட்டிருக்கான்” என்று மெச்சிக்கொண்டார்.

டிப்போவில் இதைச் சொன்னபோதுதான் அக்காவுக்குத் தான் தனியாள் இல்லை என்று தெரிந்தது. அவருடைய பஸ் கண்டக்டர், எல்லோரும் விசில் என்று கூப்பிடும் மனிதர், அதே விளையாட்டைப் பிள்ளைகளுக்கென்று வாங்கி, பிள்ளைகளைத் தொடவிடாமல் விளையாடிக்கொண்டிருந்தார். மெக்கானிக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆரம்பித்திருந்தார். ஓடாத வண்டிகளின் ஊழியர்கள் மூன்று பேரும் பெஞ்சில் கூடினால் பேச்சு அந்த ராஜ்ஜியத்தைத் தாண்டாது.

“எனக்குப் பிடிச்சது என்னன்னா, யார் வீட்டுக்குள்ள வேணும்னாலும் புகுந்துடலாம்” என்றார் விசில். “நேத்து பேக்கரியில இருந்த ரொட்டி மொத்தத்தையும் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். பேக்கரிக்காரன் எதிர்லயே நின்னு, நல்லா இருக்கீங்களாங்கறான்!” நிஜத்தில் இவர், யாரோ சீட்டில் மறந்து வைத்த குடையைத் திருப்பிக் கொடுக்கத் தெருக்கோடிவரை ஓடுகிறவர்.

மெக்கானிக்குக் குறைதான் அதிகம். “கத்தி தேயுது, கேடயம் தேயுது, செருப்புகூடத் தேயுது. வண்டிச் சக்கரம் மட்டும் தேயவே மாட்டேங்குது. ஒரு சொட்டு எண்ணெய் விடாம ராஜ்ஜியம் முழுக்க வண்டி ஓடுது. நடக்கற காரியமா?”

“டிராகன் மட்டும் நடக்கற காரியமா?”

“டிராகனை நான் பார்த்ததில்ல. வண்டியைப் பார்த்திருக்கேன்.”

சிரிப்பு எழுந்ததும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேனாவால் டொக் டொக்கென்று தட்டும் சத்தம் கேட்டது. டைம்கீப்பர் அம்மா. வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று குறிப்பது அவர் வேலை. நிமிர்ந்து பார்க்க மாட்டார், தட்டுவதோடு சரி. அக்காவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை அறுந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு மழைநாளில் நடைபாதையில் வழுக்கி விழுந்த ஒருவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு வந்ததால் அக்காவின் பஸ் பிந்தியது. என்ன ஏது என்று கேட்காமல், தாமதம் என்று எழுதிவிட்டார் டைம்கீப்பர் அம்மா. அன்றிலிருந்து கிளம்பும் நேரத்தை அவர் சொல்வார், இவர் “சரி” என்பார். மூன்றாவது வார்த்தை கிடையாது.

இதற்கிடையே, தொலைந்த ஆடுகளைத் தேடிக் கொடுத்ததற்காக ஒரு குடியானவர் அக்காவுக்கு ஒரு கிழட்டுக் குதிரையைக் கொடுத்தார். விளையாட்டுக்குள் இருக்கும் குடியானவர்தான். ஆனாலும் அக்கா டிவியைப் பார்த்து, “ரொம்ப நன்றிங்க” என்றார். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் குதிரை முதலில் பின்னால்தான் நகர்ந்தது. அதனால் அதற்கு ரிவர்ஸ் என்று பெயர் வைத்தார்.

ரிவர்ஸ் மேல் போய்க்கொண்டிருந்த ஒரு நாள் மலையிலிருந்து மணிச்சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம்; நின்று கேட்டால்தான் கேட்கும். அக்கா சாலையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். முதன்முறையாகச் சாலையை விட்டு இறங்கினார். பாறை, சரிவு, பனி என்று ஏறி உச்சிக்குப் போனால், ஒரு பட்டமரத்தில் சின்ன மணி ஒன்று காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. புதையல் இல்லை, எதிரி இல்லை. அக்காவுக்கு அத்தனை சந்தோஷம். கீழே கடைக்கு ஓடிப்போய்க் கணவரைக் கையோடு இழுத்துவந்து காட்டினார்.

திரும்பலாம் என்று பார்த்தால் வந்த வழியைப் பனி சரிந்து மூடியிருந்தது. எந்தப் பக்கம் இறங்கினாலும் அக்காவும் குதிரையும் உருண்டு செத்தார்கள். செத்தால் மறுபடி உச்சியிலேயே விழித்தார்கள். மணி ஆடிக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். மாப்பிள்ளை சிரித்தார். “பேசாம புதுசா ஆரம்பிச்சுடுங்க அத்தை.”

“அப்ப குதிரை?”

“வேற குதிரை கிடைக்கும்.”

“வண்டியை நடுவழியில விட்டுட்டு வந்து எனக்குப் பழக்கமில்ல மாப்பிள்ளை.”

டிப்போவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். குதிரையை அங்கேயே விட்டுவிட்டுக் குதித்தால் ஆற்றில் விழலாம், பிழைத்துக்கொள்ளலாம் என்றார் விசில். மெக்கானிக் கயிறு திரிக்கச் சொன்னார். குதிரைக்குக் கயிறு கட்டி எப்படி இறக்குவது என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். சத்தம் ஏறியது. டொக் டொக் கேட்கப்போகிறது என்று அக்கா வாயில் விரலை வைத்தார்.

கேட்கவில்லை. கண்ணாடித் தடுப்பின் சின்னத் துவாரம் வழியாக, எழுதுவதை நிறுத்தாத ஒரு குரல் வந்தது.

“மணிக்குப் பின்பக்கமா போகணும். அங்க ஒரு மரம் விழுந்து கெடக்கும். அது மேல குதிரை நடக்கும். அந்த ராஜ்ஜியத்துல விடிஞ்சப்புறம் போகணும், பனிமூட்டம் இருந்தா மரம் கண்ணுக்குத் தெரியாது.”

விசில்தான் முதலில் வாயைத் திறந்தார். “மேடம்… நீங்களுமா?”

“ஏன், நான் விளையாடக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?” டைம்கீப்பர் அம்மாவின் காது மடல் சிவந்திருந்தது.

அன்று மத்தியானம் அக்கா மணிக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். மரத்தைக் காணவில்லை. மறுநாள் துவாரத்தின் முன் போய் நின்றார்.

“மரத்தைக் காணோம்.”

“இருக்கும்.”

“நான் பார்த்தேன், இல்ல.”

“நீங்க பார்த்த லட்சணம்! இருங்க, ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்.”

சொன்னபடியே வந்தார். அக்காவின் வீட்டுப் படிக்கட்டு செங்குத்தானது, குறுகலானது. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து அவர் ஏறிவருவதை அக்கா மேலிருந்து பார்த்தார். எத்தனையோ வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே பார்த்த மனுஷி. நடந்து பார்த்ததே இல்லை. கணவர் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார்.

“முட்டி ஆபரேஷன். லீவுல இருந்தப்ப தங்கச்சி இந்த விளையாட்டை வாங்கிக் குடுத்தா” என்றார் டைம்கீப்பர் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. “எனக்கு மலைன்னா உசிரு. கல்யாணத்துக்கு முன்னாடி எவ்வளவு மலை ஏறியிருக்கேன் தெரியுமா? இப்ப கால் கேக்கல. அதான் இதுல ஏறிட்டேன். அந்த ராஜ்ஜியத்துல நான் ஏறாத மலை இல்ல. இன்னிவரைக்கும் ஒருத்தரையும் வெட்டினதில்ல, ஒரு எலியைக்கூட.”

“ஓநாய் வந்தா?”

“மரத்துல ஏறி உக்காந்துக்குவேன். அதுக்கும் போரடிச்சு ஒரு நேரம் போயிடும்ல.”

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இருவரும் வேலையில் இறங்கினார்கள். உச்சியில் பொழுது விடியும்வரை காத்திருந்தார்கள். பனிமூட்டம் கலைந்தது. மரம் இருந்தது, பள்ளத்தின் குறுக்கே, வெள்ளையாக, பனியோடு பனியாக. அக்கா முந்தின தடவை அதன் பக்கத்தில் நின்றுதான் தேடியிருக்கிறார்.

“மெதுவா” என்றார் டைம்கீப்பர் அம்மா.

“என்கிட்டயா சொல்றீங்க?”

மரத்தில் கால் வைத்ததும் ரிவர்ஸ் பெயரைக் காப்பாற்றியது, இரண்டடி பின்னால் போனது. கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா பொத்தானைத் தொட்டும் தொடாமலும் அழுத்தினார், நெரிசல் நேரத்தில் பஸ்ஸை நகர்த்துகிற மாதிரி. குதிரை ஒவ்வொரு அடியாக மரத்தைக் கடந்தது. அந்தப் பக்கம் சரிவு, அதற்குக் கீழே பைன் மரக்காடு, அதற்கும் கீழே சாலை. மூவரும் கை தட்டினார்கள். கீழே கண்ணாடிக் கடை முதலாளி, மேலே என்ன என்று எட்டிப் பார்த்தார்.

டீ குடிக்கும்போது டைம்கீப்பர் அம்மா கோப்பையைப் பார்த்தபடி, “அன்னிக்கு மழையில… நான் என்னன்னு கேட்டிருக்கணும்” என்றார்.

“எழுதினது உங்க வேலை, அதுல எனக்குக் கோவமில்ல” என்றார் அக்கா. “ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாம்னுதான்.”

“நிமிர்ந்து முகத்தைப் பார்த்தா எழுத மனசு வராது. அதான் யாரையும் பார்க்கறதில்ல.”

அக்கா அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

பாலம் திறந்தது. பஸ் பழையபடி ஓடியது, பழைய வேகத்தில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் மட்டும் மாறிவிட்டன. டைம்கீப்பர் அம்மா படியேறி வருவார். மலை வந்தால் அவர் விளையாடுவார், சாலை வந்தால் அக்கா. கணவர் நடுவில் உட்கார்ந்து இயற்கைக் காட்சிகளுக்குச் சான்றிதழ் கொடுப்பார்.

பெட்டிகளை எடுத்துப்போக மாப்பிள்ளை வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். தன் விளையாட்டு எந்த அளவில் இருக்கிறது என்று திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “அத்தை, கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே! நீங்க ராணியையே பார்க்கல. டிராகன் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?”

“அது பாட்டுக்கு அது இருக்கு மாப்பிள்ளை. நம்மள என்ன பண்ணுது?”

“நாடு அழிஞ்சுடும்னு சொன்னானே அத்தை!”

“நானும் நாடு முழுக்கப் போய்ப் பார்த்துட்டேன். நல்லாத்தான் இருக்கு” என்றார் டைம்கீப்பர் அம்மா.

அன்று அவர்கள் ஒரு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். கரையில் ஒரு பாய்மரப் படகு நின்றது, குதிரையும் ஏறலாம். அதை எப்படி ஓட்டுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சுக்கான் யார் கையில் என்று சின்ன வாக்குவாதம் நடந்தது. தொழில் அனுபவத்தைக் காட்டி அக்கா ஜெயித்தார். படகு ஒரு வட்டம் அடித்தது, இன்னொரு வட்டம் அடித்தது, பிறகு எப்படியோ காற்றைப் பிடித்துக்கொண்டு நேராகியது.

பெட்டியை எப்போது கழற்றலாம் என்று கேட்க மாப்பிள்ளை டிவிக்கு முன்னால் வந்து நின்றார்.

“தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க” என்றார் டைம்கீப்பர் அம்மா, அவரைத் தாண்டித் தலையை நீட்டி. “கொஞ்சம் ஓரமா உக்காருங்க. அக்கரை தெரியல.”