பொங்கவிட்ட பால்

வெள்ளிக்கிழமை, ஹட்டன். காலையிலிருந்து மழை. சூடானிலிருந்து அகதியாக வந்த அமீனாவும் அவருடைய சிறு மகளும் நீர்கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தனர். அகதிகளைக் குடியமர்த்தும் எங்கள் கண்டிக் குழுவின் சார்பில் நான் உடன் வந்தேன். அவர்கள் தங்கப்போகும் அறையைப் பேசி முடித்தவர் ஆசிரியையான என் மனைவி. அவர் சென்ற மாதம் காலமானார்.

அறை கடைவீதிக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டுக்காரி பாக்கியம் சாவியை இன்னும் முந்தானையில் முடிந்தே வைத்திருக்கிறார்.

“டீச்சரம்மா வரலீங்களா ஐயா?”

“இன்று வர இயலவில்லை.”

“அவங்களுக்கு வாக்கு குடுத்துட்டேன். ஆனா எங்க வீட்டுல யோசிக்கிறாங்க. மொதல்ல பால் காய்ச்சட்டும். நல்லா பொங்குனா சாவிய குடுத்துர்றேன்.”

அடுப்பில் பால் நுரைத்து ஏறுகிறது. விளிம்பைத் தொடும் நொடியில் அமீனா பாய்ந்து சட்டியை இறக்கிவிடுகிறார். ஒரு துளியும் சிந்தவில்லை என்ற நிறைவு அவர் முகத்தில் தெரிகிறது. பாக்கியத்தின் கை முந்தானை முடிச்சைப் பற்றிக்கொள்கிறது. பால் பொங்கி வழிய வேண்டும் என்று நான் அமீனாவிடம் சொல்லியிருக்கவில்லை.

பிறகு பாக்கியம் சிரிக்கத் தொடங்குகிறார்.

“பால சிந்தவிடாதவளா என் வீட்ட பாழாக்கப் போறா?”

சட்டியை மீண்டும் அடுப்பில் ஏற்றி, அமீனாவின் இரு கைகளையும் பிடித்துக்கொள்கிறார்.

“கை வைக்காத தாயி. பொங்கட்டும்.”

பால் வழிந்து அடுப்பை நனைக்கிறது. சிறுமி கை தட்டுகிறாள். முந்தானை முடிச்சு அவிழ்கிறது.

செய்யாமல் விட்டவை: சிறுமிக்குப் பள்ளியில் இடம் கேட்பது. கூரை ஒழுகும் மூலையைப் பார்க்க ஆள் அனுப்புவது. டீச்சரம்மா இனி வரமாட்டார் என்று பாக்கியத்திடம் சொல்வது.