என் வீட்டுக்காரரைப் பேச வைத்த பெருமாள்

2006 சித்திரையில் என் வீட்டுக்காரருக்குச் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனது. முகம், கால் எல்லாம் வீங்கிவிட்டன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் உலைக்கு முன்னால் நின்று வேலை செய்தவர். சென்னையில் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை என்றார்கள்.

"என்ன மருந்து எடுத்தீங்க? என்ன ஊசி போட்டீங்க?" என்று டாக்டர் தினமும் கேட்டார். இவருக்கு ஒரே பதில்தான். "ஒண்ணும் இல்ல சார். உலைச் சூடு."

பொய் என்று எனக்குத் தெரியும். ஆணழகன் போட்டிக்காக ஜிம்மே கதி என்று கிடந்தவர். முட்டையும் கோழியும் தின்றால் மட்டும் அப்படித் தோள் பெருக்காது. ஜிம் மாஸ்டரைப் போய்க் கேட்டேன். "நான் வெயிட்டு தூக்கத்தாம்மா சொல்லிக்குடுத்தேன்" என்று கையை விரித்தார். உயிர் போகும்போதும் மானம் பார்க்கும் மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவப் பெருமாளிடம் போனேன். வீட்டில் யாருக்கு நோவு வந்தாலும் குளத்தில் வெல்லம் கரைத்து, நோவு கண்ட உறுப்பின் தகட்டை உண்டியலில் போடுவது எங்கள் வழக்கம். மாமியார் முழு உருவத் தகடு வாங்கச் சொல்லியிருந்தார். நான் வாய்த் தகடு கேட்டேன்.

"கொழந்தைக்குப் பேச்சு வர்லியாம்மா?" என்றார் கடைக்கார அம்மா.

"ஊட்டுக்காரருக்கு" என்றேன்.

பெருமாளே, கிட்னியை அப்புறம் பார்த்துக்கொள், முதலில் இந்த ஆளைப் பேச வை. இதுதான் என் வேண்டுதல். வேண்டுதல் என்ன, சண்டைதான் போட்டேன்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கோயில் துளசியைக் கையில் கொடுத்தபோது இவர் கேட்டார். "இன்னா தகடு போட்ட?"

"வாய்."

"வாயா? என் வாய்க்கு இன்னா?"

"அதான்யா கெட்டுப்போயிருக்கு! டாக்டர் கேட்டுக்கினே கீறாரு. நீ வாயத் தொறக்காம செத்துட்டா நான் யாராண்ட போய் கேக்குறது?" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

அவர் அழுதார். டாக்டர் வந்ததும் தானாகவே எல்லாவற்றையும் சொன்னார். யார் எதைச் சொன்னாலும் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார். சதை ஏற மாட்டுக்குப் போடும் ஊசி. நீர் பிரிய மாத்திரை. நரம்பு புடைத்துத் தெரிய வேண்டுமென்று தண்ணீரை நிறுத்திவிட்டு, உலை ஷிப்டைக் கேட்டு வாங்கி வேர்த்திருக்கிறார். சூட்டுக்கு ஆலையில் கொடுக்கும் மோரைக்கூடப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டாராம்!

அதன் பிறகுதான் வைத்தியம் வழிக்கு வந்தது. டயாலிசிஸ் செய்தார்கள். மெல்ல மெல்லச் சிறுநீர் தெளிந்தது. பெருமாளே, உனக்குக் கோடி நமஸ்காரம்.

இப்போது அவருக்கு உலையை விட்டு ஆலை ஸ்டோரில் வேலை, உப்புக் குறைத்த சாப்பாடு. ஊசி தேடும் பையன்களைக் கண்டால் இழுத்து உட்காரவைத்து, நடந்ததைக் கூச்சமில்லாமல் சொல்கிறார். கையை விரித்த அந்த ஜிம் மாஸ்டர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. அதையும் பெருமாளிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்பர்களே, நம்பிப் போய்க் கேளுங்கள், அவர் கைவிடமாட்டார். சேவித்துவிட்டு நேரே டாக்டரிடம் போய், உடம்பில் எதை ஏற்றினீர்களோ அதையும் சொல்லிவிடுங்கள். என் வீட்டுக்காரர் சொன்னார். அதனால்தான் நான் இன்று நெற்றியில் பொட்டோடு இதை எழுதுகிறேன்.