கறுப்பு உறை போட்ட மருந்து

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மாமா வெல்டராக இருந்தார். அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். சொந்தமாகப் பட்டறை போட, வெகுகாலம் பூட்டிக் கிடந்த ஒரு குடோனை வாடகைக்குப் பிடித்தார். தரையெல்லாம் காய்ந்து கிடந்த புறா எச்சத்தை ஒரு வாரம் தனியாளாகச் சுரண்டி அள்ளினார்.

சில மாதங்களில் தலைவலி என்று படுத்தவர் எழவில்லை. ஒரு மத்தியானம் நான் தண்ணீர் கொண்டுபோனபோது, என்னையும் எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்து, “ரெண்டு பேரும் ஏஞ்சாமி நிக்கறீங்க? உக்காருங்க” என்றார். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. சொம்பை வைத்துவிட்டு ஓடிவந்தேன். அம்மா மந்திரித்த கயிறு வாங்கிவந்து அவர் கையில் கட்டினாள். கயிற்றுக்கு எதுவும் பயந்ததாகத் தெரியவில்லை.

சேலத்து ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள்.

“புறா எச்சத்துல வளர்ற பூஞ்சைம்மா. மூச்சு வழியா போயி மூளையைச் சுத்தியிருக்கிற சவ்வுல தங்கிருச்சு. அபூர்வமாத்தான் வரும். அதனாலதான் அவருக்கு ஒண்ணு ரெண்டாத் தெரியுது” என்றார் டாக்டர்.

மாமாவின் தலைக்குள் ஏதோ முளைத்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. மழைக்கால ரொட்டியில் பூப்பது போல வெளியே எட்டிப் பார்க்குமோ என்று அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்து, வெளிச்சம் படாமலிருக்கக் கறுப்பு உறை மாட்டிய பாட்டிலில் வரும். அது இறங்கத் தொடங்கிய சற்று நேரத்தில் மாமாவுக்கு நடுக்கம் எடுக்கும். மூன்று போர்வை போர்த்தினாலும் இரும்புக் கட்டில் சுவரில் மோதி மோதிச் சத்தம் போடும். நோயே அந்த உறைக்குள்ளிருந்துதான் தினமும் இறங்குகிறது என்று நான் முடிவுகட்டினேன்.

ஒரு நாள் அம்மா டீ வாங்கப் போயிருந்தாள். குழாயிலிருந்த சிறு சக்கரத்தை, நர்ஸ் செய்வதைப் பார்த்திருந்தபடியே, உருட்டி மூடினேன். சொட்டு நின்றது. மாமா கண் திறந்தார்.

“தொறந்து உடு சாமி.”

“மாட்டேன் மாமா. அதுதான் உங்கள ஆட்டுது.”

அவர் கையைத் தூக்கப் பார்த்தார், பாதியிலேயே விழுந்தது. பல் அடித்துக்கொள்ள, “கும்புட்டுக் கேக்கறேன் சாமி, தொறந்து உடு” என்றார். அழுதுகொண்டே திறந்தேன். கட்டில் மறுபடி மோதத் தொடங்கியது.

சொட்டின் வேகத்தைப் பார்த்த நர்ஸ், யார் தொட்டது என்று அதட்டினார்.

“எங்கைதான் பட்டுருச்சுங்க சிஸ்டர்” என்றார் மாமா.

பல வாரம் மருந்து ஏறியது; அப்புறம் மாதக்கணக்கில் மாத்திரை. பிழைத்துக்கொண்டார். இடது காது மட்டும் கேட்காமலே போய்விட்டது. அன்று எனக்கு ஒன்பது வயது. வேதனையை நிறுத்துவதுதான் உதவி என்று நினைத்திருந்தேன். அத்தனை நடுக்கத்தையும் ஒரு மனிதர் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொள்வார் என்பது எனக்கு விளங்கவில்லை.