குழிக்காரன் பங்கு

செல்லாயியைக் கட்டிக்கொடுத்தபோது அவள் அப்பன் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளை வீட்டில் சோளத்துக்குப் பஞ்சம் வராது. மாப்பிள்ளைக்குக் காணி இல்லை, மாடு இல்லை, மழைக்கு ஒழுகாத கூரைகூட இல்லை. ஆனால் அவன் குழிக்காரன். திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே ஏழெட்டுப் பண்ணையத்துக்கும் சேர்த்துச் சோளக்குழிக்குள் இறங்குகிற ஆள் வீரன் ஒருவன்தான். அந்த ஒரு தகுதிக்காகப் பதினைந்து வயதுப் பெண்ணை அவனோடு அனுப்பிவைத்தார்கள். அப்பனைக் குறை சொல்ல முடியாது. அவர் கண்ட பஞ்சம் அப்படி.

அந்தக் காலத்துப் பண்ணையக்காரர்கள் விளைந்த சோளம் முழுவதையும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். களத்து மேட்டில் இரண்டாள் ஆழத்துக்குக் குழி வெட்டி, சுற்றிலும் சோளத்தட்டை அணைவாக வைத்து, உள்ளே தானியத்தைக் கொட்டி, வாயைப் பலகைக்கல்லால் மூடி மண் பூசிவிடுவார்கள். இரண்டு வருடமானாலும் நடுவில் இருக்கிற சோளம் கெடாது. சுவரோரம் இருப்பதுதான் ஈரம் குடித்து, கறுத்து, பச்சையாகப் பூசணம் பூத்து, கட்டி கட்டியாக ஒட்டிக்கிடக்கும். குழி திறந்தால் நடுச்சோளம் பண்ணையக்காரருக்கு. சுவர்ச்சோளம், உள்ளே இறங்கி அதைச் சுரண்டி எடுக்கிறவனுக்கு. அதற்குக் குழிக்காரன் பங்கு என்று பேர். யார் வைத்த சட்டமோ, யாரும் கேட்டதில்லை. மற்றக் கூலிக்காரர்கள் அதைப் பார்த்து வயிறெரிந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

வீரன் குழிக்குள் இறங்குகிற நாளில் செல்லாயியும் கூடவே களத்துக்குப் போய்விடுவாள். மாதக்கணக்காக மூடிக்கிடந்த குழியில் கெட்ட காற்று நிற்கும். கல்லைப் புரட்டி அரை நாள் ஆறவிட்டு, விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். விளக்கு அணையாமல் நின்றால்தான் ஆள் இறங்கலாம். விளக்கு நின்றாலும் இவளுக்கு நம்பிக்கை வராது. குழியின் வாயோரம் குந்திக்கொண்டு, "மாமா, இருக்கறயா? மாமா, இருக்கறயா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"இல்லாம எங்க போறது? செத்த சும்மா இரு" என்று உள்ளேயிருந்து அவன் கத்துவான்.

எமன் குழிக்குள் காத்திருக்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் வருடா வருடம் கூடையில் ஏறி, அவள் தலைமேலேயே உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

வந்த புதிதில் அந்தச் சோளத்தின் வாடை அவளுக்குக் குமட்டியது. முகத்தைச் சுளித்தாள். "தானமாக் கெடச்ச மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கறவ நீ ஒருத்திதான்" என்றாள் மாமியார். உயிரைப் பணயம் வைத்து வாங்கிய கூலி எப்படித் தானமாகும் என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. செல்லாயியும் பழகிக்கொண்டாள். மூன்று நாள் வெயிலில் காயப்போட்டாள். ஏழு தண்ணீர் மாற்றிக் கழுவினாள். முதல் தண்ணீர் சாம்பலும் பச்சையுமாகப் போகும், ஏழாவது தெளிந்துவிடும். பிறகு வறுத்துத் திரித்துக் களி கிண்டினால் வாடை மூக்குக்கு எட்டாது. வாடை போனால் கெடுதலும் போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள். ஊரும் அப்படித்தான் நினைத்தது. நாக்கின் அடியில் ஒரு கசப்பு மட்டும் நிற்கும். அதற்கு உப்பைக் கூடப் போட்டாள்.

முதல் பையன் நாலு வயதில் போனான். வயிறு உப்பி, கைகால் குச்சியாகி, சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். இரண்டாவது பையனும் அதே மாதிரிதான், அதே வயதில். மாரியாத்தா குற்றம் என்றார்கள், பொங்கல் வைத்தாள். கருப்பனார் கோபம் என்றார்கள். இருந்த ஒற்றைக் கிடாயையும் வெட்டினாள். மூன்றாவதாகப் பிறந்த நாச்சி நாலு வயதைத் தாண்டி, ஐந்தைத் தாண்டி, ஆறில் காலை வைத்தபோதுதான் செல்லாயி கொஞ்சம் மூச்சு விட்டாள். அந்த மூச்சும் நிலைக்கவில்லை. ஒரு நாள் காலையில் பிள்ளைக்குத் தலை வாரும்போது கண்ணைப் பார்த்தாள். வெள்ளை விழி மஞ்சள் பூத்திருந்தது.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் ஓடைக்கரையில் கீழாநெல்லி பிடுங்கி வந்து அரைத்து, மோரில் கலக்கிக் கொடுப்பாள். பொழுது சாய்ந்தால், பிள்ளைக்குத் தெம்பு வேண்டுமே என்று, தன் பங்கையும் சேர்த்துச் சுவர்ச்சோளக் களியை உருட்டி ஊட்டுவாள். "வேண்டாம் ஆயா, கசக்குது" என்று நாச்சி உதட்டை இறுக்கிக்கொள்வாள். அந்தப் பக்கம் பெற்றவளைத்தான் ஆயா என்பார்கள். "மருந்து குடிச்ச வாயி அப்படித்தான் இருக்கும், முழுங்கு சாமி" என்று கன்னத்தை அழுத்தித் திறந்து ஊட்டினாள். ஊட்டின கைக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றோ முப்பத்திரண்டோ. ஐப்பசியில் பேய்மழை பெய்து சின்னுசாமிக் கவுண்டர் களத்துக் குழிக்குள் ஊற்று இறங்கிவிட்டது. தை மாதம் திறந்தார்கள். மற்ற வருடங்களில் நாலு விரல் கனம் இருக்கும் பூசணம், அந்த வருடம் ஒரு முழத்துக்கு இருந்தது. கூடை கூடையாக மேலே வந்ததைக் கவுண்டர் பார்த்தார். சுவர்ச்சோளம் இத்தனையும் குழிக்காரனுக்கா என்று அவருக்கு மனசு வரவில்லை. "பாதிய நம்ம கட்டுத்தறியில கொட்டுங்கடா. எருமைக்கு வேகவெச்சு ஊத்தலாம்" என்று சொல்லிவிட்டார்.

செல்லாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் பிள்ளை மஞ்சள் காமாலையோடு கிடக்கிறாள், இங்கே அவள் வாய்க்குப் போக வேண்டியது எருமைக்குப் போகிறது! நேரே கவுண்டர் பெண்சாதி பொன்னாத்தாளிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க சாமி, காலங்காலமா எங்க பங்குங்க அது. பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்லீங்க. நீங்களே பார்த்துச் சொல்லுங்க சாமி."

பொன்னாத்தாள் இளகின மனசுக்காரி. "சரி, ரெண்டு கூடை அள்ளிக்கிட்டுப் போ. அவுருகிட்டச் சொல்லாத" என்றாள். கெஞ்சிப் பெற்ற அந்த இரண்டு கூடையைச் செல்லாயி ஜெயித்த முகத்தோடு சுமந்து வந்தாள். பின்னாளில் சாகிறவரை அவள் நெஞ்சை அரித்தது இந்த இரண்டு கூடைதான்.

மாசி பாதியில் கவுண்டர் கட்டுத்தறியில் முதல் கன்று விழுந்தது. தீனி எடுக்கவில்லை, நின்ற இடத்தில் தள்ளாடியது, மூன்றாம் நாள் காலை நீட்டிவிட்டது. அடுத்த வாரம் இன்னொன்று. கறவை எருமைக்குப் பால் வற்றிப்போயிற்று. கண்ணேறு என்று சுற்றிப் போட்டார்கள். மூன்றாவது கன்றும் படுத்ததும் கவுண்டர் ஆட்டம் கண்டுபோனார். வண்டி கட்டி ஆளை அனுப்பிச் சேலத்திலிருந்து மாட்டு டாக்டரை வரவழைத்தார்.

டாக்டர் வந்து சேர்வதற்குள் அந்தக் கன்றும் போய்விட்டது. அதைக் களத்துப் புளியமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு வந்தவன் வீரன். நாச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்லாயியும் எட்ட நின்று பார்த்தாள். டாக்டர் கன்றின் வயிற்றைக் கிழித்து ஈரலை வெளியே எடுத்தார். ஈரல் சிவப்பாக இல்லை. வெளிறி, மஞ்சளோடி இருந்தது. கன்றின் கண் இமையைக் கட்டைவிரலால் விலக்கிக் காட்டினார். நாச்சியின் கண்ணில் இருந்த அதே மஞ்சள். செல்லாயி இடுப்பில் இருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள்.

"இதுக்கு என்ன தீனி போட்டீங்க?"

கவுண்டர் ஆளை விட்டு ஒரு கை சோளத்தை அள்ளி வரச்சொன்னார். டாக்டர் உடைத்துப் பார்த்தார், முகர்ந்தார், கையை உதறினார். "பூசணம். இதுதான் ஈரலைத் தின்னிருக்கு. காயவெச்சாலும் போகாது, வேகவெச்சாலும் போகாது. இருக்கிறதை எல்லாம் குப்பைக்குழியில கொட்டுங்க. கோழிக்குக்கூடப் போடாதீங்க." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் மாதிரி நிமிர்ந்து, "ஆளுங்க யாரும் இதைச் சாப்பிடறதில்லையே?" என்று கேட்டார்.

கவுண்டர் வீரன் நிற்கிற பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இல்லீங்க. இத யாரு திம்பாங்க?"

வீரன் தலையைக் குனிந்துகொண்டான். செல்லாயி வாயைத் திறந்தால் வேலை போகும். குடிசை நிற்கிற மண்கூடக் கவுண்டருடையது, அதுவும் போகும். திறக்காவிட்டால் இடுப்பில் இருக்கிறது போய்விடும். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

"நாங்க திங்கறோமுங்க" என்றாள். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை, களம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "நாங்க திங்கறோமுங்க சாமி! பத்து வருசமாத் திங்கறோம். இந்தப் பிள்ளைக்கு நேத்துப் பொழுதோட ஊட்டுனனுங்க!"

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கன்றுக்குச் செய்த மாதிரியே நாச்சியின் இமையைக் கட்டைவிரலால் விலக்கிப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "நான் மாட்டு வைத்தியம் படிச்சவன்மா. ஆனாலும் சொல்றேன், இனிமே இதுல ஒரு மணிகூட இவ வாய்க்குள்ள போகக்கூடாது. சின்ன உடம்பு, தேறினாலும் தேறும்."

"முன்னால ரெண்டு பசங்க போயிட்டாங்க சாமி. அதுவும் இதுனாலதானுங்களா?"

"எனக்குத் தெரியலம்மா" என்றார். தெரியாது என்று சொன்னது நல்லதா கெட்டதா என்று செல்லாயியால் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மொடாப்பானையில் இருந்த சோளத்தையெல்லாம் கூடையில் சாய்த்தாள். வீரன் குறுக்கே வந்து கூடையைப் பிடித்தான். "அப்பறம் எதத் திங்கறது?"

"தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கலாம். உடு மாமா."

பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, அதைக் கவுண்டர் வீட்டு எருக்குழியிலேயே கொண்டுபோய்க் கொட்டினாள். கெஞ்சி வாங்கிய இரண்டு கூடையில் மீந்திருந்ததைக் கடைசியாகக் கொட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

குடிசையை யாரும் பிடுங்கவில்லை. பொன்னாத்தாள் குறுக்கே நின்றிருக்க வேண்டும். ஆனால் கவுண்டர் அவர்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. கீரையும் கிழங்கும், யார் காட்டிலாவது கடலைக்காய் பறித்த கூலியுமாக நாலு மாதம் ஓடியது. நாச்சியின் கண்ணில் மஞ்சள் அசையாமல் நின்றது. விடிந்ததும் செல்லாயி முதலில் செய்கிற காரியம் பிள்ளையின் இமையை விலக்கிப் பார்ப்பதுதான். ஒரு நாள் குறைந்த மாதிரி இருக்கும், மறுநாள் கூடின மாதிரி இருக்கும். ஆடி பிறந்து பத்தாம் நாள் விழி வெளுத்திருந்தது. நம்பாமல் வெளியே வெயிலுக்குத் தூக்கி வந்து பார்த்தாள். அப்புறமும் நம்பவில்லை.

அந்த மாதமே கவுண்டரின் அடுத்த குழியைத் திறக்க வேண்டி வந்தது. வேறு ஆள் தேடிப் பார்த்தார்கள். இறக்கிய விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டு எல்லோரும் நழுவிவிட்டார்கள். கடைசியில் கவுண்டர் வீரனுக்கே சொல்லி அனுப்பினார். வீரனுக்கு முன்னால் செல்லாயி போய்க் களத்தில் கவுண்டர் எதிரே நின்றாள்.

"நடுச்சோளத்துல நாலு வள்ளங்க. அளந்து முன்னால வெச்சா, வெளக்கு நின்ன பொறகு அவுரு எறங்குவாரு, பண்ணாடி. செவுத்துச் சோளம் எங்களுக்கு வேண்டாமுங்க."

கவுண்டர் மீசை துடித்தது. ஆனால் கல்லுக்கு அடியில் கிடந்தது அவருடைய சோளம், ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. அளந்து வைத்தார். தர்மத்துக்காக வைத்தார் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நாச்சி வளர்ந்தாள். ஒல்லிப்பெண்தான், ஆனால் வளர்ந்தாள். பதினெட்டு வயதுவரை, தினம் காலையில் ஆயா இமையைப் பிடித்து இழுப்பதைச் சகித்துக்கொண்டாள். "கொமரியான பொறகும் என்ன ஆயா இது?" என்று சிணுங்குவாள். ஆயாவின் விரல் நிற்காது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். தானியம் கிடைக்காமல் ஊரே திண்டாடிக்கொண்டிருந்தபோது எடப்பாடிப் பக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது. செல்லாயியும் வீரனும் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள். பாயைப் போட்டு உட்காரச் சொன்னார்கள். செல்லாயி உட்காரவில்லை. மூலையில் இருந்த சோள மொடாவைப் பார்த்துக்கொண்டே நின்றவள், கேட்காமல் கொள்ளாமல் போய் மூடியைத் திறந்து, தோள்வரை கையை உள்ளே விட்டாள்.

மாப்பிள்ளையின் தாய் பதறிப்போனாள். "என்ன சம்பந்தி, எத்தன இருக்குதுன்னு அளக்கறீங்களா? இருக்குதுங்க, கஞ்சிக்குக் காணும்!"

"எத்தன இருந்தா என்னங்க? ஓரத்துல எப்புடி இருக்குதுன்னு பாக்கறனுங்க."

அடியில், மண்ணை ஒட்டிக் கிடந்த சோளத்தில் ஒரு கை அள்ளினாள். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்த்தாள். முகர்ந்தாள். இரண்டு மணியை வாயில் போட்டு மென்று, கசக்கிறதா என்று நாக்கின் அடியில் வெகுநேரம் வைத்திருந்தாள். விழுங்கினாள். கண் கலங்கிவிட்டது.

"பிள்ளையத் தர்றமுங்க" என்றாள். அதன் பிறகுதான் மாப்பிள்ளை யார் என்று திரும்பிப் பார்த்தாள்.