சாம்பலுக்கு வாங்கிய சவர்க்காரம்

ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில்தான் சிரிப்பார்கள். முதல் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளையும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு வருகிற சனம், மூன்றாவது பெட்டிக்கு முன்னால் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்டதும் சிரிக்கும். நான் வாசலோடு நிற்பேன். செக்யூரிட்டி வேலைக்கு நிற்கிறவன் சிரிக்கவும் கூடாது, கோபிக்கவும் கூடாது. முதலாவது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க வீடு வாசலைப் போட்டுவிட்டுத் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்த அடுத்த வருடம் அது. நாங்கள் கனடாவில், மல்வேர்ன் பக்கம் ஒரு வாடகை டவுன்ஹவுசில் இருந்தோம். எனக்கு ரொறன்ரோ நகரத்துக்குள் ஒரு பழைய கட்டடத்தில் பகல் வேலை. அந்த மாரிக் குளிர்காலத்தில் அங்கே ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு பிரபு குடும்பத்தின் பழைய கடதாசிகளைக் கொண்டுவந்து பார்வைக்கு வைத்தார்கள். காணி உறுதிகள், குத்தகைக் கணக்குகள், கலியாண ஒப்பந்தங்கள், கடிதங்கள், பண்ணைக் கணக்குப் புத்தகங்கள். எலி கடிக்காமல், மழை படாமல், எத்தனையோ தலைமுறையாகக் காத்து வைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் நான் அவர்களை மெச்சினேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு உறுதி எந்தப் பெட்டிக்குள் இருந்து, எந்தக் கூரையோடு போனது என்று எனக்கே தெரியாத நேரம் அது.

பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய் விளக்கம் சொல்ல ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வருவார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை. நல்ல மனுசி. குளிர் கூடிய நாட்களில் எனக்கும் ஒரு கோப்பி வாங்கி வருவார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் ஒரே பேச்சை நாள்முழுக்க ஒருவர் சொல்லக் கேட்டால் எந்த ஆங்கிலமும் விளங்கும்.

அவர் சொன்னது இதுதான். அந்தக் குடும்பத்தில் ஒரு பிரபு இலங்கையில் பெரிய உத்தியோகத்தில் இருந்தாராம். பிள்ளைகளைப் பார்க்க யாழ்ப்பாணத்துத் தமிழ்ப்பெண் ஒருவரை ஆயாவாக வைத்திருந்தார். திரும்பிப் போகும்போது கப்பலில் அவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கிருந்து பிரபுவின் மனைவி தன் தங்கைக்கு எழுதிய கடிதம்தான் மூன்றாவது பெட்டியில் இருந்தது. ஆயா விடிய எழும்பி அடுப்படிக்குப் போய், ஆறின சாம்பலை எடுத்து நெற்றியில் அப்பிக்கொள்கிறாள், எவ்வளவு சொல்லியும் விடுகிறாளில்லை, இப்போது பிள்ளைகளும் பழகிவிட்டார்கள் என்று அந்தச் சீமாட்டி முறைப்பாடு எழுதியிருந்தார். கடிதத்துக்குப் பக்கத்தில் பண்ணைக் கணக்குப் புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு வரி: ஆயாவின் முகம் கழுவ, மேலதிகச் சவர்க்காரம்.

அந்த வரியில்தான் சிரிப்பு.

முதலில் எனக்கும் பிடிபடவில்லை. அடுப்புத் துடைக்கிற மனுசி, முகத்தில் கரி பட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகளுக்கு விளங்க வேண்டுமே என்று அந்தப் பெண்மணி தன்னுடைய நெற்றியில் மூன்று விரலை வைத்து இழுத்துக் காட்டினார். கடிதத்தில் மூன்று விரல் என்றே எழுதியிருந்ததாம்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அந்த அம்மா பூசியது திருநீறு! மாட்டுச் சாணத்தைச் சுட்டு எடுத்த வெண்ணீற்றுக்கு அந்தக் குளிர் தேசத்தில் அவர் எங்கே போவார்? கிடைத்த சாம்பலைச் சிவனே என்று பூசியிருக்கிறார். அதை அழிக்கச் சவர்க்காரம் வாங்கியிருக்கிறார்கள். வாங்கியதைக் கணக்கும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கைக் கண்ணாடிக்குள் வைத்து, வெளிச்சம் போட்டு, இப்போது எங்கள் நாட்டுச் சனம் நிறைந்த இந்த நகரத்தில் காட்டிச் சிரிக்கிறார்கள்.

அன்று பின்னேரம் அந்தப் பெண்மணியிடம் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அது அழுக்கு இல்லை, அது எங்கள் கும்பிடு, இதோ என் நெற்றியில் இருப்பதும் அதுதான் என்றேன். அவருக்குக் கண் விரிந்துவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னார். சின்னக் கொப்பி ஒன்றில் எழுதியும் கொண்டார். இனிச் சிரிப்பு நிற்கும் என்று நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் அவர் கடிதத்தை வாசித்தார். சனம் சிரித்தது. பிறகு அவர் திரும்பி, வாசலில் நின்ற என்னை நோக்கிக் கையை நீட்டி, “இதோ பாருங்கள், எங்கள் பாதுகாவலர் இன்றைக்கும் அதைத்தான் பூசிக்கொண்டு வந்திருக்கிறார்!” என்றார்.

எல்லாத் தலையும் திரும்பியது. ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கிட்டவந்து என் நெற்றியைப் பார்த்தார். கழுவினால் போகுமா என்று இன்னொருவர் கேட்டார். நாலாவது கண்ணாடிப் பெட்டி நான்தான். எனக்குக் கண்ணாடி மட்டும் போடவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவ மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தா. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை. ஆர் உங்களை விளக்கம் குடுக்கச் சொன்னது?”

“அப்ப நாளைக்கு அழிச்சுப்போட்டுப் போகட்டோ?”

“ஆர் அழிக்கச் சொன்னது? காசைக் கேளுங்கோ எண்டுறன். உங்களைப் பாக்கவும் சேத்துத்தானே அவங்கள் டிக்கெட் எடுக்கினம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மூன்று குறியையும் கொஞ்சம் தடிப்பாகவே பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். பார்க்கிறவன் பார்க்கட்டும்.

அந்த ஆயாவைப் பற்றிச் சொல்லும்போது அந்தப் பெண்மணி ஒரு வசனம் தவறாமல் சொல்லுவார். “அவள் இந்தக் குடும்பத்தில் ஒருத்தியாகவே இருந்தாள்.” சுவர் முழுக்க அந்தக் குடும்பத்தின் வம்ச மரம் கீறியிருந்தார்கள். ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து நான் கிளை கிளையாகத் தேடினேன். பிறந்த அன்றே செத்துப்போன குழந்தைக்கும் அதில் பெயர் இருந்தது. இரண்டாவது பெட்டியில் குதிரைகளுக்கென்று தனிப் புத்தகம். ஒவ்வொரு குதிரைக்கும் தாயின் பெயர், தகப்பனின் பெயர். அந்த அம்மாவுக்கு மட்டும் அவர்கள் ஞானஸ்நானம் கொடுத்து வைத்த ஒரு வேதக்காரப் பெயர். அதை நான் இங்கே எழுத மாட்டேன். அவர் செத்ததற்கும் கணக்கு இருந்தது. பலகை வாங்கியது, ஆணி வாங்கியது, குழி வெட்டியவர்களுக்கு விஸ்கி வாங்கிக் கொடுத்தது. பெற்றவர்கள் என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டு எழுத, அவ்வளவு மையிலே ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

அந்த அம்மாவுக்கு ஒருவரும் ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் விட்டிருக்க மாட்டார்கள் என்ற எண்ணம் அதற்குப் பிறகு என்னை விடவில்லை. சித்திரைப் பறுவம் கிட்ட வந்துகொண்டிருந்தது. தாயை இழந்தவர்கள் தாய்க்காக விரதம் பிடிக்கிற பூரணை நாள். அன்றைக்காவது அவருக்கு யாராவது செய்ய வேண்டும். ஆனால் நான் செய்ய முடியாது. தாய் உயிரோடு இருக்கிறவர்கள் அந்த விரதத்தைத் தொடக்கூடாது. தொட்டால், தாய் இல்லை என்று தன் வாயால் சொன்ன மாதிரி. என் அம்மா இருந்தா. இருந்தா என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். இடம்பெயர்ந்ததற்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டேன். அப்போது எங்கள் கோயில் ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலைக்குள் இருந்தது.

“ஆருக்குச் செய்யவேணும்? பேர் என்ன?” என்றார் ஐயர்.

“தெரியாது ஐயா.”

“கோத்திரம்?”

“தெரியாது.”

“உங்களுக்கு என்ன முறை?”

“ஒரு முறையும் இல்லை.”

ஐயர் என் முகத்தைப் பார்த்தார். நான் முழுக்கச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “உறவில்லாத ஆத்மாக்களுக்கு எண்டு பொதுவா விடலாம். அதுக்கு விதி இருக்கு. ஆனால் நீங்கள் செய்யப்படாது. அம்மா இருக்கிறாவெல்லோ?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஓம்” என்றேன்.

பக்கத்தில் கோயில் நிர்வாகத்தில் இருந்த ஒருவர் பிரசாதத் தட்டோடு நின்றார். ஊரில் மதிப்பான குடும்பம். தாய் தகப்பன் இருவரும் இல்லாதவர். நான் அவரைத்தான் நம்பிப் பார்த்தேன்.

“அண்ணை, நீங்கள் உங்கட அம்மாவுக்கு விடேக்கை, இவவுக்கும் சேர்த்து விடுவியளோ?”

அவர் தட்டைக் கீழே வைத்தார். “அதுக்கென்ன, விடலாம். ஆனா தம்பி, அவ என்ன ஆக்கள்?”

நான் விளங்காத மாதிரி நின்றேன்.

“இல்லை, வெள்ளைக்காரன் வீட்டில பிள்ளை பாக்கப் போனவ எண்டுறீர். என்ன ஆக்களோ, ஆருக்குத் தெரியும்? கேக்கத்தானே வேணும்.”

பிரபு வீட்டார் அந்த அம்மாவின் பெயரைக் கேட்கவில்லை. எங்கள் ஆள் ஒன்றே ஒன்றைக் கேட்டார். அதுவும் சாதியைக் கேட்டார். சிவன் சந்நிதியில், நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்றுகொண்டு கேட்டார்.

“அவ திருநீறு பூசுற ஆக்கள், அண்ணை” என்று சொல்லிவிட்டு, பிரசாதம் வாங்காமல் வந்துவிட்டேன். அதற்கு முன்னும் பின்னும் நான் கோயிலில் பிரசாதம் வாங்காமல் வந்ததில்லை.

வீட்டில் அன்று பெரிய சத்தம் போட்டேன். கண்காட்சியை ஏசினேன், நிர்வாகத்தை ஏசினேன், கனடாவையும் ஏசினேன். மனைவி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா:

“எனக்கு அம்மா இல்லைத்தானே. பறுவத்துக்கு நான் எப்பிடியும் சமைச்சுப் படைக்கிறனான். அவவுக்கும் படைக்கிறன். அதுக்கேன் ஊரைக் கூட்டுறியள்?”

“உம்மட அம்மான்ர இலையிலேயே வைப்பீரோ?”

“நல்ல கதை! என்ர அம்மா தன்ர இலையில ஆருக்கும் பங்கு குடுக்கிற ஆளோ? சண்டை வந்திடும். தனி இலை போடுவம்.”

சித்திரைப் பறுவத்தன்று விடியவே என்னை எழுப்பி, பாணும் ஜாமும் வைத்து, தான் முன்னால் நின்று பார்க்க முழுவதையும் தின்னச் செய்தா. பசியில்லை என்றேன்.

“பசிக்காட்டியும் தின்னுங்கோ. நீங்கள் விரதமில்லை. மாமி இருக்கிறா. அது தெரியிற மாதிரித் தின்னுங்கோ.”

நான் தின்றேன். அம்மா அந்த நேரம் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தா என்பது பிறகு கடிதம் வந்துதான் தெரியும்.

மனைவி தலைமுழுகி, உபவாசம் இருந்து சமைத்தா. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். தமிழ்க் கடையில் வாங்கிய குளிர்பெட்டி வாழையிலை இரண்டு. ஒன்று அவவின் அம்மாவுடைய படத்துக்கு முன்னால். மற்றதுக்கு முன்னால் ஒரு படமும் இல்லை. அந்த இலையின் தலைப்பில் ஒரு துளி திருநீறு வைத்தா. நல்ல வெள்ளைத் திருநீறு, ஊரிலிருந்து வந்தது.

“பேர் சொல்லவேணுமெல்லோ?” என்று நான் தள்ளி நின்று கேட்டேன். கிட்டப் போக எனக்கு உரிமை இல்லை.

“அம்மா எண்டு சொன்னாத் திரும்பிப் பாக்காத பொம்பிளை ஆர்?” என்று சொல்லிவிட்டு, கற்பூரத்தைக் கொளுத்தினா.

பிறகு காகத்துக்கு வைக்கப் பின்வளவுக்குப் போனா. வேலிக்கட்டையில் சோற்றை வைத்துவிட்டுக் கா கா என்று கூப்பிட்டா. பனி கரைந்து சேறாகக் கிடந்தது. காகம் ஒன்றும் வரவில்லை. இரண்டு கறுத்த அணில்கள் ஓடிவந்து வடையைத் தூக்கிக்கொண்டு போயின. அவ அணிலைக் கலைக்கவில்லை.

“குளிர் தேசத்தில இருந்தவதானே. ஆரை அனுப்பினாவோ” என்றா.

அந்த மாதக் கடைசியில் கண்காட்சி முடிந்தது. சாமான் கட்டுகிற அன்று நான்தான் கதவடியில். வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பேர், பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல அந்தக் கடதாசிகளைத் தூக்கினார்கள். கடிதத்தை மெல்லிய தாளில் சுற்றினார்கள். சவர்க்காரக் கணக்கு எழுதிய புத்தகத்துக்குக் கீழே மெத்தை வைத்தார்கள். எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? அந்த அம்மாவின் நெற்றியை உரஞ்சிக் கழுவின கணக்குக்குக் கை அழுக்குப் படக்கூடாதாம்.

மூன்றாவது பெட்டியின் சாமான்கள் அடங்கிய மரப்பெட்டி தள்ளுவண்டியில் என்னைக் கடந்து போனது. ஊரிலிருந்து வெளிக்கிட்ட அன்று என் அம்மா வாசலில் வைத்து எனக்குத் திருநீறு பூசித்தான் அனுப்பினா. பயணம் போகிறவருக்கு அதுதான் எங்கள் வழக்கம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கடதாசிச் சரையில் திருநீறு வைத்திருப்பேன். அதைப் பிரித்து, மூன்று விரலால் அந்த மரப்பெட்டியின் முகப்பில் இழுத்துவிட்டேன்.

வண்டி தள்ளியவன் தூசி என்று நினைத்தானோ என்னவோ, தோளில் கிடந்த துணியை எடுத்து ஒரே இழுவையில் துடைத்துவிட்டான்.

நான் திரும்பவும் பூசினேன்.

அவன் துணியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் துணியைத் தோளிலே போட்டுக்கொண்டான்.

பின்னால் அந்த வழிகாட்டிப் பெண்மணி ஓடிவந்தார். கையில் கமரா. கண்ணில் உண்மையாகவே தண்ணீர். “எவ்வளவு அழகு! விரலை அப்படியே வைத்துக்கொண்டு நில்லுங்கள், ஒரே ஒரு படம்” என்றார். எனக்குக் கோப்பி வாங்கித் தந்த மனுசி. அதுவரை அவர் கேட்ட எதற்கும் நான் மறுத்ததில்லை.

“நோ” என்றேன்.

கமராவை இறக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கதவை அகலத் திறந்துவிட்டேன்.